கப்டன் அமெரிக்காவும் ‘அந்த நாள்’ ராஜனும்

1975 இல் வந்த ‘த்ரீ டேய்ஸ் ஒஃப் த கொண்டோர்’ படத்தில் றொபேர்ட் றெட்ஃபோர்ட் மதியச் சாப்பாடு வாங்க வெளியே போய்த் திரும்புகிறார். அதற்குள் அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பிணமாகக் கிடக்கிறார்கள். அதன் பிறகு தான் வேலை செய்த உளவு நிறுவனத்துக்கே பயந்து அவர் ஓடுகிறார். 39 ஆண்டுகள் கழித்து ‘கப்டன் அமெரிக்கா: த வின்டர் சோல்ஜர்’ படத்தில் அதே நடிகர் மேசைக்கு அந்தப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்திருக்கிறார். இப்போது ஓட விரட்டுகிறவர் அவர்தான். தமிழில் இதற்கு ஒப்பான காரியம் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்து முடிந்திருந்தது. 1952 இல் ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில் சமூகத்தைக் குறுக்கு விசாரணை செய்த சிவாஜி கணேசன், 1954 ஏப்ரல் 13 இல், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வெளியான ‘அந்த நாள்’ படத்தில் ஜப்பானுக்கு உளவு சொல்லும் வானொலிப் பொறியியலாளர் ராஜனாக வந்தார்.

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது முதற் பார்வைக்கு வேடிக்கையாகப்படலாம். ஒன்றில் கேடயம் பறக்கிறது. மற்றதில் ஒரு பாட்டுக்கூட இல்லை. ஒன்றின் உலக வசூல் 70 கோடி டொலருக்கு மேல். மற்றது வெளிவந்த காலத்தில் வசூலில் சோபிக்கவில்லை, பெயர் பிற்பாடுதான் வந்தது. ஆனால் இரண்டும் பார்வையாளனிடம் கைவைக்கும் இடம் ஒன்றே. யாரைச் சந்தேகிப்பது என்று நாம் திரைக்குள்ளே தேடிக்கொண்டிருக்க, சந்தேகிக்கவே தோன்றாத முகத்தைப் படம் நம் முன்னால் வெளிச்சத்தில் நிறுத்திவைத்திருக்கிறது. நட்சத்திரத்தின் முகமே இங்கு மாறுவேடம். அந்த முகத்தில் பழைய படங்களால் சேர்ந்திருக்கும் நம்பிக்கை இரு படங்களுக்கும் செலவில்லாமல் கிடைத்த முதலீடு.

இரண்டுமே தத்தம் வகைக்குரிய சலுகைகளைத் துறந்து எடுக்கப்பட்டவை. பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் எடுப்பதென்பது 1954 இல் கடை திறந்து வைத்துவிட்டுச் சரக்கை ஒளித்துவைப்பதற்குச் சமம். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் அதைச் செய்தார், ஏவி. மெய்யப்பன் அதற்குப் பணம் போட்டார். அமெரிக்கப் படத்தை இயக்கிய ரூசோ சகோதரர்கள் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் துறந்தது அவ்வளவு பெரிதல்ல என்றாலும், வானிலிருந்து எதிரி இறங்கும் வழக்கத்தை விட்டு எதிரியை அதே கட்டடத்தின் மேல்மாடியில் உட்காரவைத்தார்கள். கடன் வாங்கிய இடமும் இருவருக்கும் வெளியேதான். அமெரிக்கப் படத்துக்கு 1970களின் அரசியல் சந்தேகப் படங்கள். தமிழ்ப் படத்துக்கு அகிரா குரோசாவாவின் ‘ரஷோமொன்’. அதைத் திரைப்பட விழாவில் பார்த்த பாலசந்தர் அந்த முறையில் முதலில் ஒரு நாடகம் எழுதினார் என்றும் அகில இந்திய வானொலி அதை ஏற்கவில்லை என்றும் சொல்லப்படுவதுண்டு. வானொலி நிராகரித்த கதை, நாட்டால் நிராகரிக்கப்பட்ட வானொலிப் பொறியியலாளனின் படமாக வந்தது நல்ல பொருத்தம்.

‘ரஷோமொன்’ உண்மையைக் கடைசிவரை கையில் தரவில்லை. ‘அந்த நாள்’ தருகிறது. அதற்காக அதைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. நான் அவர்களோடு இல்லை. உண்மை என்பது உண்டு, அது வீட்டுக்குள்ளேயே உண்டு, அதனால்தான் அது தாங்க முடியாதது என்பதே பாலசந்தரின் கட்சி.

நெருங்கிப் பார்க்க இரண்டு காட்சிகள். வின்டர் சோல்ஜரில் கப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் றொஜர்ஸ் லிஃப்டில் இறங்குகிறார். மாடிக்கு மாடி கதவு திறக்கிறது. இரண்டு பேர், மூன்று பேர் என்று ஏறுகிறார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள், நேற்றுவரை ஒன்றாகச் சண்டைக்குப் போனவர்கள். ஒருவனின் கை இடுப்பிலுள்ள ஆயுதத்தின் மேல் இருக்கிறது. இன்னொருவனின் நெற்றியோரம் வியர்வை. பேச்சோ மிகச் சாதாரணம். அந்த வியர்வையைப் பார்த்ததும் றொஜர்ஸுக்கு விளங்கிவிடுகிறது, நமக்கும் விளங்கிவிடுகிறது. அதன் பின் வரும் அடிதடியைவிட அந்த அரை நிமிடப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் மௌனம்தான் படத்தின் சாதனை.

‘அந்த நாள்’ படத்தில் லிஃப்டுக்குப் பதிலாக ஒரு வீடு. வெடிச் சத்தம் கேட்கிறது. கதாநாயகன் என்று நாம் காசு கொடுத்துப் பார்க்க வந்த மனிதன் முதற் காட்சியிலேயே விழுந்து சாகிறான். அதன் பிறகு சிஐடி சிவானந்தமாக வரும் ஜாவர் சீதாராமன், படத்துக்கு வசனம் எழுதியவரும் அவர்தான், வீட்டிலுள்ளவர்களையும் அயலவரையும் ஒவ்வொருவராகப் பேசவைக்கிறார். பேசுகிற ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். மாருதி ராவின் ஒளிப்பதிவில் பாதி முகம் இருட்டில், பாதி வெளிச்சத்தில். லிஃப்டில் ஆட்கள் கூடக் கூட இடம் சுருங்குகிறது. இங்கு வாக்குமூலங்கள் கூடக் கூட வீடு சுருங்குகிறது.

அயலவர் என்றதும் இன்னொரு பொருத்தம் நினைவுக்கு வருகிறது. றொஜர்ஸின் பக்கத்து வீட்டில் இருக்கும் கனிவான தாதி உண்மையில் அவரைக் கவனிக்க நியமிக்கப்பட்ட உளவாளி. ராஜனின் பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளைதான் பொலிசுக்கு முதலில் ஓடுகிறவர்; முதலில் ஓடியவரே முதற் சந்தேகத்துக்கும் உரியவர். தாதியின் வேடம் காவலாக முடிகிறது. பிள்ளையின் நேர்மையோ கடைசிவரை நம்மை உறுத்திக்கொண்டிருக்கிறது. அயலைப் பற்றிய தமிழ்ப் படத்தின் கணிப்புத்தான் வாழ்க்கைக்குக் கிட்டவாக நிற்கிறது.

ஆனால் என்னை மிகவும் வியக்கவைத்த உறவு இரண்டு விஞ்ஞானிகளுக்கு இடையிலானது. வின்டர் சோல்ஜரில் வரும் ஆர்னிம் ஸோலா எதிரிக்காக வேலை செய்த விஞ்ஞானி. போர் முடிந்ததும் அமெரிக்கா அவரை உள்ளே அழைத்து, அறை கொடுத்து, ஆராய்ச்சிக்குக் காசும் கொடுக்கிறது. ‘ஒப்பரேஷன் பேப்பர்கிளிப்’ என்ற பெயரில் ஜெர்மன் விஞ்ஞானிகளை அமெரிக்கா உண்மையாகவே அழைத்துச்சென்ற வரலாற்றைப் படம் நேராகச் சுட்டுகிறது. அந்த விருந்தாளி வீட்டையே உள்ளிருந்து தின்றுவிடுகிறான். ராஜன் இதற்குத் தலைகீழ். அவன் சொந்த நாட்டுக்காரன். அவனுடைய கண்டுபிடிப்பை அந்த நாடு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தக் கசப்புத்தான் அவனை எதிரியின் பக்கம் தள்ளுகிறது. ஒரு நாடு எதிரியின் அறிவை அரவணைத்துக் கெட்டது. இன்னொன்று தன் பிள்ளையின் அறிவை உதறிக் கெட்டது. ஒரே கூற்றின் இரு பாதிகளை இருவேறு நாட்டார், அறுபது ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாமல் எழுதிவைத்தது போல இது இருக்கிறது.

அவர்கள் கையிலுள்ள கருவிகளும் அப்படியே எதிரெதிர். ராஜனின் வானொலி செய்தியை வெளியே அனுப்புகிறது. ஸோலாவின் கணக்கு உலகத்தையே உள்ளே இழுக்கிறது: வங்கிக் கணக்கு, வைத்தியக் குறிப்பு, தொலைபேசிப் பேச்சு, பரீட்சைப் புள்ளி என எல்லாவற்றையும் படித்து, நாளைக்கு யார் தலைநிமிர்த்துவான் என்று இன்றைக்கே பெயர் குறிக்கிறது. வின்டர் சோல்ஜரின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 2013 யூன் மாதத்தில்தான் எட்வேர்ட் ஸ்னோவ்டன் அமெரிக்க அரசின் கண்காணிப்பு ஆவணங்களை வெளியிட்டார். திரைக்கதை அதற்கு முந்தியது. கற்பனை முந்திக்கொள்ள, செய்தி பின்னால் ஓடிவந்தது.

வடமராட்சியின் பருத்தித்துறையில் இருந்து இப்படங்களைப் பார்ப்பவருக்கு இவ்விரு கருவிகளும் வெறுங் கற்பனையல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் பற்றறி கிடைக்காத காலத்தில், இங்கே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து பிபிசி ‘தமிழோசை’ கேட்ட வீடுகள் ஏராளம். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் செய்தியின் குரலும் சோரும். பயணப் பையில் இரண்டு பென் டோர்ச் பற்றறி இருந்தாலே சோதனைச் சாவடியில் பதில் சொல்லவேண்டியிருந்த ஒரு காலத்தில், வானொலிப் பொறியியலாளன் மேல் விழும் சந்தேகத்தை எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு வந்து ஆள் எண்ணிப் படிவம் நிரப்பிப் படம் பிடித்துப் போன பதிவுகளைக் கண்டவர்களுக்கு ஸோலாவின் பட்டியலும் புதிதல்ல. ஸோலாவுக்குக் கணினி வேண்டியிருந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

முகமூடியையும் இங்கேயே பேசிவிடவேண்டும். சாகச நாயகனுக்கு முகமூடி ஓர் அணிகலன். பின்னால் இருப்பவன் நல்லவன் என்ற உத்தரவாதம். வின்டர் சோல்ஜர் இதைக் கவிழ்க்கிறது. நடுவீதிச் சண்டையில் கொலைகாரனின் முகமூடி கழன்று விழ, உள்ளே இருப்பது றொஜர்ஸின் சிறுவயதுத் தோழன் பக்கி. அந்தக் கணத்தின் அதிர்ச்சியை வடமராட்சியார் இன்னொரு விதமாக அறிவார்கள். சுற்றிவளைப்பு நாட்களில் ஊர் ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் வீதியிலோ வரிசையாக நிறுத்துவார்கள். எதிரே சாக்கால் முகம் மூடி, கண்ணுக்கு மட்டும் துளை விட்ட ஒரு ‘தலையாட்டி’. அவன் தலை அசைந்தால் வரிசையில் ஒருவன் குறைவான். துளைக்குள்ளே இருக்கும் கண் எங்கேயோ பார்த்த கண்ணாக இருக்கிறதே என்பதுதான் வரிசையில் நின்றவனின் பயம். 1987 மே, யூன் மாதங்களில் ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ படை நடவடிக்கையின்போது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இப்பகுதியில் பிடிக்கப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டுத் தெற்கே பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அமெரிக்கப் படம் மூன்று வான்கப்பல்களை மிதக்கவிட்டுச் சொல்லும் பயத்தை ஒரு சாக்கு சொல்லிவிடும் ஊரில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

இனி இரு படங்களும் பிரியும் இடம். இரண்டிலும் எதிரி அன்புக்குரியவன்: றொஜர்ஸுக்குத் தோழன், உஷாவுக்குக் கணவன். வான்கப்பல் சரிந்து விழுந்துகொண்டிருக்கும்போது றொஜர்ஸ் கேடயத்தை ஆற்றில் விட்டுவிடுகிறார். இனி உன்னோடு சண்டை பிடிக்கமாட்டேன் என்று நின்று அடிவாங்குகிறார். தோழன் ஈற்றில் அவரைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் கரையில் போடுகிறான். உஷாவின் கையிலோ துப்பாக்கி இருக்கிறது, ராஜன் சாகிறான். பண்டரிபாய் இந்தப் பாத்திரத்தை அழுகையாலும் அடுக்குவசனத்தாலும் நிரப்பவில்லை. கடைசி வாக்குமூலம் அவளுடையது என்பதால், அதுவரை மற்றவர்கள் சொன்ன பொய்களும் அரை உண்மைகளும் அந்த ஒரு குரலின் முன் உதிர்கின்றன. அமெரிக்க நாயகன் நாட்டைக் காத்த கையோடு நட்பையும் காப்பாற்றிக்கொள்கிறான். தமிழ் நாயகிக்கு அந்த வசதி கொடுக்கப்படவில்லை. இரண்டில் கடுமையான படம் எது என்று கேட்டால் பதில் இதில் இருக்கிறது.

ஆயினும் உஷாவின் துப்பாக்கியை 1954 ஆம் ஆண்டுச் சென்னைப் பார்வையாளன் பார்த்த கண்ணால் எங்களால் பார்க்க முடியாது. அவனுக்கு அது தீர்ப்பு. துரோகி என்று அட்டை எழுதி மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடல்களைக் கடந்து பள்ளிக்கூடம் போன ஒரு தலைமுறை இங்கு உண்டு. துரோகம் நிரூபிக்கப்பட்டது என்று ஒரு கதை சொல்லும்போது, நிரூபித்தவர் யார் என்று அந்தத் தலைமுறை கேட்கும். ‘அந்த நாள்’ இந்தக் கேள்விக்கு ஓரளவு இடம் தருகிறது, ஏனென்றால் அதில் துரோகிக்கும் ஒரு நியாயம் உண்டு. சிவாஜி அதைத் தன் முழுக் குரலோடு சொல்கிறார். வின்டர் சோல்ஜரில் றெட்ஃபோர்டின் பியர்ஸுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: சிலரைக் கொன்றால் பலருக்கு ஒழுங்கு கிடைக்கும். அதை அவர் தொண்டை உயராமல் சொல்கிறார். வீட்டுச் சமையலறையில் பாலை ஊற்றிக் குடித்துக்கொண்டே கொலைகாரனோடு பேசுகிறார். மறந்துபோன பொருளை எடுக்கத் திரும்பிவந்த பணிப்பெண் அவனைக் கண்டுவிட, வருத்தத்தோடு அவளைச் சுடுகிறார். அந்தப் பாலும் அந்த வருத்தமும்தான் பயங்கரம்.

இவ்வளவு துணிந்த இரண்டு படங்களும் ஒரே இடத்தில் பின்வாங்குவது இன்னோர் ஆச்சரியம். ‘அந்த நாள்’ கதையின் பின்னணி, சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட 1943 ஒக்டோபர் 11 இரவு. அதற்குச் சரியாகப் பத்து நாள் கழித்து, ஒக்டோபர் 21 இல், ஜப்பானின் ஆதரவோடு சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தற்காலிகச் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். அவருடைய படையில் மலாயாத் தமிழர்கள் பெருந்தொகையில் சேர்ந்திருந்தார்கள். பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி சென்னையைச் சேர்ந்தவர். அப்படியானால் அந்த ஒக்டோபரில் ஜப்பானோடு சேர்ந்தவன் யாருக்குத் துரோகி, அன்றைக்குச் சென்னையை ஆண்டுகொண்டிருந்த பிரித்தானியனுக்கா? மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களின் வீடுகள் நிறைந்த வடமராட்சியில் இது ஏட்டுக் கேள்வியல்ல. படம் இதைத் தொடவில்லை. சுதந்திரம் கிடைத்து ஏழே ஆண்டு. சிஐடி சிவானந்தம் யாருடைய சம்பளத்தில் விசாரிக்கிறார் என்பதை அது மறக்கவே விரும்புகிறது.

அமெரிக்கப் படத்தின் மறதியும் இதே அளவு. அரசு தன் குடிமக்களையே வேவு பார்க்கிறது, பட்டியல் போடுகிறது, முன்கூட்டியே கொல்லப் பார்க்கிறது என்று முக்கால்வாசிப் படம் குற்றஞ்சாட்டிவிட்டு, இதெல்லாம் உள்ளே புகுந்துகொண்ட ‘ஹைட்ரா’ என்ற இரகசிய அமைப்பு செய்த வேலை என்று கைகழுவுகிறது. ஹைட்ராவைக் களைந்தால் நாடு சுத்தம். ஒரு படம் குற்றத்தை ஒரு மனிதனின் கசப்புக்குள் அடைத்தது. மற்றது ஒரு வெளிநாட்டுக் கிருமிக்குள் அடைத்தது. தேசத்தின் முகத்தைச் சந்தேகிக்க இரண்டுக்கும் மனம் வரவில்லை. (இடைக்குறிப்பாக ஒன்று: வின்டர் சோல்ஜரின் தொடக்கத்தில் கடத்தப்படும் கப்பலின் பெயர் ‘லெமூரியன் ஸ்டார்’. குமரிக்கண்டத்துக் கனவில் வளர்ந்த தமிழ்க் காது அந்த இடத்தில் ஒரு கணம் நிமிரும். படத்துக்கு அதுபற்றி எந்த எண்ணமும் இல்லை.)

சினிமாக் கொட்டகைதான் தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் இடம் என்று கரவெட்டி தந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியிருக்கிறார். அப்படிக் கூடியிருந்த சபைக்கு, பக்கத்தில் இருப்பவரை நம்பாதே என்று சொல்லும் படத்தைக் காட்டுவது சாதாரணத் துணிவல்ல. அந்தத் துணிவைக் கடைசிவரை காப்பாற்றியது எது என்பதுதான் ஒப்பீட்டின் மிச்சக் கணக்கு. வின்டர் சோல்ஜர் தன் கடைசி அரை மணித்தியாலத்தை இரும்புக்கும் தீக்கும் எழுதிக்கொடுத்துவிடுகிறது. லிஃப்டில் ஒரு வியர்வைத் துளியை வைத்துச் செய்ததை மூன்று வான்கப்பல்களை நொருக்கியும் அதனால் திரும்பச் செய்ய முடியவில்லை. ‘அந்த நாள்’ தேசபக்திப் பேச்சில் சற்று நீளுகிறது என்றாலும் வீட்டை விட்டு வெளியே ஓடவில்லை. சந்தேகப் படம் என்ற அளவில் பழையதே மேலானது. கண்காணிப்பு என்ற பொருளில் புதியதே தொலைநோக்குள்ளது.

இரண்டையும் பார்க்க எண்ணுகிறவர் வின்டர் சோல்ஜரை முதலில் பார்க்கட்டும். றெட்ஃபோர்ட் அந்தப் பாலைக் குடித்து முடித்ததைக் கண்ட பிறகு, நீதிமன்றக் கூண்டில் நின்று எங்கள் எல்லோருக்காகவும் பேசிய சிவாஜியின் முகத்தை ‘அந்த நாள்’ படத்தில் அத்தனை சுலபமாக நம்பிவிடமாட்டீர்கள். முடிவு தெரிந்துதானே இருக்கிறது என்று அதைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். கொலையாளி யார் என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போதுதான் உஷா விசாரணை முழுவதும் எப்படிப் பேசாமல் இருந்தாள் என்பது தெரியும்.